உப்புநீர் நடத்தும் செல் பாடம்

தாவர செல், விலங்கு செல் படங்களை நம் மாணவர்கள் அழகாக வரைந்து பாகங்களைக் குறித்துவிடுகிறார்கள். ஒருமுறை என் வகுப்பில், "உப்பேறிய வயலில் நெல் கருகுகிறது. காரங்காட்டில் கடல்நீரிலேயே அலையாத்தி செழிக்கிறது. ஏன்?" என்று கேட்டேன். படத்துக்கு முழு மதிப்பெண் பெற்றவர்களும் பேசவில்லை. பெயர்களைக் கற்பித்த நான் பணிகளைக் கற்பிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வயலும் கடலும் அருகருகே உள்ள திருவாடானையில், இப்போது அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

செயல்பாடு எளிது. சின்ன வெங்காயத்தின் ஊதா நிறமுள்ள மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டு நீருடன் ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் காட்டுங்கள். செல்லை நிறைத்திருக்கும் ஊதா நிறம், நுண்குமிழில் உள்ள சாறு. பிறகு அரை டம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கவர் சிலிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். மறு ஓரத்தில் வடிதாளை வையுங்கள். சில நிமிடங்களில் நீர் வெளியேறி நுண்குமிழ் சுருங்கும். செல் படலம் சுவரை விட்டு விலகும். செல் சுவர் மட்டும் கட்டம் கட்டமாக அப்படியே நிற்கும். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டது இத்தகைய வெற்றுச் சுவர்களையே.

சுவர் வடிவத்தைக் காக்கிறது. படலம் எது உள்ளே வரலாம் என்று தேர்கிறது. நுண்குமிழ் நீரைச் சேமித்துச் செல்லை விறைப்பாக வைக்கிறது. இம்மூன்றையும் மாணவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

இனி அலையாத்திக்கு வருவோம். அது உப்பை நுண்குமிழில் ஒதுக்கி வைக்கிறது. அதனால் சைட்டோபிளாசம் கெடுவதில்லை. உப்புநீரிலிருந்தும் நீரை உறிஞ்ச முடிகிறது. காரங்காட்டில் மிகுந்துள்ள அவிசீனியாவின் இலையில் உப்புச் சுரப்பிகளும் உண்டு. உப்பை வெளியேற்ற ஆற்றல் வேண்டும். எனவே அச்செல்களில் மைட்டோகாண்ட்ரியா மிகுதி. கடல்மீன் செவுளில் உப்பை வெளியேற்றும் செல்களிலும் இதே நிலைதான். மரமும் மீனும் ஒரே தேவைக்கு ஒரே நுண்ணுறுப்பை நம்புகின்றன!

"தாவரத்துக்குப் பசுங்கணிகம் இருக்கிறதே, மைட்டோகாண்ட்ரியா எதற்கு?" என்ற ஐயம் இங்கே தீரும். பசுங்கணிகம் உணவைத் தயாரிக்கிறது. அந்த உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியா. வெங்காயத் தோலில் பச்சை நிறம் இல்லாததையும் சுட்டிக்காட்டுங்கள். எல்லாத் தாவர செல்லிலும் பசுங்கணிகம் இருக்காது என்பது படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது.

மதிப்பீட்டுக்கு, "கருவாடு ஏன் கெடுவதில்லை?" என்று கேளுங்கள். உப்பு, மீனில் உள்ள நீரையும் கிருமிகளின் செல்லில் உள்ள நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது என்று ஒரு குழந்தை சொன்னால், செல் பாடம் அதற்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.