ஹட்டனா, நுவரெலியாவா? சிறு பிள்ளைகளோடு ஊர் மாறுமுன்

2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' சூறாவளி மலையகத்தை உலுக்கிப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடு மரக்கறித் தோட்டங்களையும் இழுத்துச் சென்றன. லீக்ஸும் கரட்டும் போட்டுச் சீவித்த பல குடும்பங்களுக்குத் திரும்பிப் போக நிலம் இல்லை. நிலம் எஞ்சியவர்களும் அதன் மேலே தொங்கும் மலையை நம்பத் தயாரில்லை. ஆகவே, "எந்த ஊருக்குப் போவது?" என்ற கேள்வி எமது மக்களிடையே இப்போது அடிக்கடி எழுகிறது.

இந்தக் கேள்விக்குக் குடும்பத் தலைவர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: வேலை இருக்கும் ஊருக்கு. அதில் தவறில்லை. ஆனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கணக்கை மாற்றிப் போட வேண்டும் என்பதே எமது எண்ணம். தகப்பன் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வேலை செய்து திரும்பலாம். பிள்ளையோ காலை ஏழரைக்குள் நடந்தே பாடசாலைக்குப் போக வேண்டும். முதலில் பிள்ளைக்கு ஏற்ற இடம், அதன் பிறகு வேலைக்குப் போகும் வழி.

அந்த இடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது மண். பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே உள்ள மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. பிள்ளைகள் பலர் அப்போது பாடசாலைக்குப் போயிருந்தார்கள். அதனால் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அது ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் 2016இல்தான் கிடைத்தன.

எனவே வாடகை பேசுமுன் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிய மண் சுவர் நிற்கிறதா? நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு உண்டா? மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்துள்ளனவா? கதவு திடீரென்று இறுகுகிறதா? புதிதாக ஊற்றுக் கிளம்பினாலும், இருந்த ஊற்று நின்றாலும், தண்ணீர் கலங்கி வந்தாலும் அது நல்ல அறிகுறி அல்ல. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்த இடத்தைப் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொல்லியுள்ளது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. குடியேறிய பின் பக்கம் நேரான ஒரு தகரப் பேணியை வெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் மழையை அளக்கலாம். அந்த நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும்.

ஊர்களைப் பற்றி இனிச் சொல்வோம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவும் அதனைச் சுற்றியுள்ள கந்தப்பளைப் பக்கமும் மரக்கறிச் செய்கை தெரிந்தவர்களை இழுக்கும். அங்கே கூலி வேலையாவது கிடைக்கலாம். ஆனால் குளிர் சாதாரணமானதல்ல. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு இலையே கருகும். கைக்குழந்தையும் இழுப்பு உள்ள பிள்ளையும் இருக்கும் வீட்டார் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். குளிருக்காகக் கதவை அடைத்துவிட்டு உள்ளே விறகு எரிப்பது இன்னும் மோசம். புகை போக வழியில்லாத குசினி பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் ஊர் நிரம்பி வழியும்; அந்த மாதத்து வாடகையையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஹட்டன் அவ்வளவு உயரமில்லை, 1,271 மீற்றர். நான்கு பக்கமும் பஸ் ஓடும் சந்தி அது. தமிழ்ப் பாடசாலைகள் உண்டு. பக்கத்திலே டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை உண்டு. குறை என்னவென்றால், பயிர் செய்ய நிலம் கிடைப்பது அரிது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஹட்டனையும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களையும் நன்றாக நனைக்கும். வெயில் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்கள் ஜூன் மாதத்தில் வருந்துவார்கள். ரயிலை மட்டும் நம்பியும் வீடு பார்க்க வேண்டாம். 2025 சூறாவளியில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்ததைக் கண்டோம்.

சின்ன ஊர் என்று மஸ்கெலியாவைத் தள்ளிவிடவும் வேண்டாம். அந்த ஊரே இடம்பெயர்ந்த ஊர்தான். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரம் நீரில் மூழ்க, மக்கள் மேலே வந்து புதிய நகரத்தில் வாழத் தொடங்கினார்கள். நீர் வற்றும் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் வெளியே தெரியும்.

பலர் முதலில் போய் நிற்பது உறவினரின் லயத்துக் காம்பராவில். மாமன் மச்சான் வீடு ஆறுதல்தான். ஆனால் அந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. உறவினருக்கே உறுதிப்பத்திரம் இல்லாதபோது உங்களுக்கு என்ன பிடிமானம்? ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கலாம். அதற்குள் சொந்த முகவரி உள்ள ஓர் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். பாடசாலை அனுமதிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் நிவாரணக் கொடுப்பனவுக்கும் அந்த முகவரியே கேட்கப்படும்.

புறப்படுமுன் பழைய இடத்துக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணோடு போயிருந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். புதிய ஊரில் முதல் வாரத்திலேயே குடும்பநல உத்தியோகத்தரைக் காணுங்கள். அவரிடம் பதிந்தால்தான் தடுப்பூசியும் நிறை பார்த்தலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாடசாலையில் இடம் உண்டா என்பதோடு எந்தத் தரம் வரை உண்டு என்றும் கேளுங்கள். ஐந்தாம் தரத்தோடு முடியும் பாடசாலையானால், மூத்த பிள்ளைக்காக இன்னொரு முறை மூட்டை கட்ட நேரிடும்.

வீடு பார்க்கத் தகப்பன் மட்டும் போவது எமது வழக்கம். இம்முறை தாயும் போகட்டும். தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழி எப்படி என்பதை அவரே சரியாகப் பார்ப்பார். மழை பெய்யும் ஒரு பாடசாலை நாளில் காலை ஆறரைக்குப் போங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை அதன் வேகத்திலேயே நடந்து பாருங்கள். இடையில் ஓடை குறுக்கிட்டால், பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, பெருமழையில் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயுமா என்று கேளுங்கள்.