ரூட்டர் வாங்குமுன்

சூளகிரியில் ஒரு லேத் பட்டறை. கடைந்து முடித்த உதிரிபாகங்களைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். சரக்கின் மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால், 2018 ஏப்ரல் 1 முதல், மாநில எல்லையைக் கடக்க இ-வே பில் தேவை என்பதை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலோர் அதைப் பட்டறையின் அலுவலக அறையிலுள்ள கணிப்பொறியில்தான் எடுக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு இணையம் நின்றுபோனால் லாரி வாசலிலேயே நிற்கும், அத்திப்பள்ளியை எட்டாது. வரைபடம் வருவதும் விலைப்பட்டியல் போவதும் அதே வழியாகத்தான். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அகலமுள்ள ஒரு பெட்டி. அதற்குத் திசைவி என்று கலைச்சொல் உண்டு. ஆனால் கடையில் ரூட்டர் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது? இணையத்தில் செய்தி எதுவும் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகள் எண்களாக எழுதப்பட்டிருக்கும். 1981இல் வகுத்த முறைப்படி அம்முகவரியின் நீளம் 32 பிட். இரண்டை 32 முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 429 கோடி வரும். உலகில் ஆளுக்கு ஒன்று கொடுக்கக்கூட இது போதாது. பொதுக் கையிருப்பும் 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே பட்டறையிலுள்ள பத்துக் கருவிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டுகின்றன. எந்தக் கருவி யாரை அழைத்தது என்று ரூட்டர் தன் நினைவகத்தில் ஒரு பேரேடு வைத்துக்கொண்டு, திரும்பி வரும் பொட்டலங்களை உரியவரிடம் சேர்க்கிறது. இத்தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த 128 பிட் முகவரி முறையை, அதாவது ஐ.பி. ஆறாம் பதிப்பை, அறியாத ரூட்டரை இன்று வாங்கக் கூடாது.

கடைக்குப் போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடி இழை இணைப்புத் தந்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியே பெரும்பாலும் ஒரு ரூட்டர்தான். வீட்டில் ஒரு கணிப்பொறி, இரண்டு கைபேசி, ஒரு டி.வி. என்றால் அதுவே போதும், பணத்தைச் செலவிடாதீர்கள். தனி ரூட்டர் வாங்குவதானால், பழைய பெட்டியைப் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றித் தருமாறு இணைப்புத் தந்தவர்களைக் கேளுங்கள். இல்லாவிட்டால் முகவரி மாற்றும் வேலை இரண்டு பெட்டிகளிலும் நடக்கும். இணையதளம் பார்ப்பதற்கு அதனால் கெடுதல் இல்லை. வெளியூரிலிருந்து பட்டறைக் காமிராவையோ கணிப்பொறியையோ எட்ட முயலும்போதுதான் சிக்கல் தெரியும்.

கம்பி எதற்கு, வைஃபை போதாதா என்பீர்கள். தகரக் கூரை, இரும்புத் தூண், பீரோ எல்லாம் ரேடியோ அலைகளை மறித்துத் திருப்பிவிடும். கம்பியில் அந்தத் தொல்லை இல்லை. அதனுள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உத்தி இது. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அதன் மின்தூண்டல் ஜோடியின் இரு கம்பிகளிலும் ஏறத்தாழச் சமமாக ஏறும். பெறும் முனை இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் அது கழிந்துபோகிறது. 100 மீட்டர் வரை இக்கம்பியை நம்பலாம். செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பியை மலிவாகத் தருவார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல், அதை வாங்காதீர்கள்.

இனி ரூட்டர் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்கு வருவோம். 'கிகாபிட்' என்றால் நொடிக்கு 100 கோடி பிட். அது துளையின் வேகமே தவிர, ரூட்டரின் வேகம் அல்ல. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், மணிக்கு எத்தனை வண்டிகள் கடக்கும் என்பதைச் சுங்கச்சாவடிதான் தீர்மானிக்கிறது. சாவடியில் பதினாறு டன் லாரிக்கும் சிறு காருக்கும் ஏறத்தாழ ஒரே நேரம் ஆகும். ரூட்டரும் அப்படியே. பொட்டலத்தின் பருமனை அது பார்ப்பதில்லை. ஒவ்வொன்றின் மேலுள்ள முகவரியையும் படித்து, பேரேட்டைப் புரட்டி, மாற்றி எழுத வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கம்பியில் செல்லும் மிகப் பெரிய சாதாரணப் பொட்டலம், முன்னும் பின்னும் விடும் இடைவெளியைச் சேர்த்து 1,538 பைட், அதாவது 12,304 பிட். 100 கோடியை இதனால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 81,000 பொட்டலங்கள். மிகச் சிறியதோ இடைவெளியுடன் 84 பைட், 672 பிட். இப்போது வகுத்தால் ஏறக்குறைய 14,88,000 பொட்டலங்கள்! துளை ஒன்றே, கம்பி ஒன்றே; ஆனால் சாவடியின் வேலை பதினெட்டு மடங்கு கூடிவிட்டது. முதல் நிலையில் ஒரு பொட்டலத்துக்கு 12 மைக்ரோ நொடி கிடைக்கிறது. இரண்டாவதில் ஒரு மைக்ரோ நொடிகூட இல்லை. பெரிய கோப்பை இறக்கிக் காட்டி "பாருங்கள், 900 மெகாபிட்" என்று விற்பவர் லாரிகளை மட்டுமே எண்ணிக் காட்டுகிறார். பேச்சு, முகவரி விசாரணை, கணக்கு மென்பொருளின் சிறு கேள்விகள் எல்லாம் கார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல ரூட்டர்கள், அறிமுகமான உரையாடலின் பொட்டலங்களை முழுச் சோதனையின்றிக் குறுக்கு வழியில் விட்டுவிடும். "கணக்கரின் கணிப்பொறிக்கு முன்னுரிமை, பையனின் விளையாட்டுக்கு வரம்பு" என்று நீங்கள் விதி எழுதினால், பல மாடல்களில் அந்தக் குறுக்கு வழி அடைபட்டு வேகம் விழும். பெங்களூர் அலுவலகத்துடன் மறைகுறி இணைப்பு வைத்தால் இன்னும் விழும். எனவே பொட்டல அளவு வாரியாக, விதிகள் போட்டும் போடாமலும் சோதித்த அட்டவணையை வெளியிடும் நிறுவனத்தின் பெட்டியைத் தேடுங்கள். லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனம் 1,518, 512, 64 பைட் என்று பிரித்து அட்டவணை தருகிறது. அதில் விதிகளுடன் கூடிய 512 பைட் எண், நீங்கள் கட்டணம் செலுத்தும் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். காமிராவிலிருந்து அதே அறையிலுள்ள பதிவுப் பெட்டிக்குப் போகும் படங்களை இக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அவை சுவிட்சிலேயே திரும்பிவிடும், சாவடிக்கு வருவதில்லை. எட்டுக் காமிராவுக்காகப் பெரிய ரூட்டர் வாங்குவது வீண். எட்டுத் துளைச் சுவிட்ச் ஒன்று போதும்.

வேகத்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2017 ஜூலை இறுதியில், நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் உட்பட, பி.எஸ்.என்.எல். மோடம்களை ஒரு தீநிரல் தாக்கி முடக்கியது. அகப்பட்டவை, தொழிற்சாலையில் இட்ட 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்தவை. மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2018 மே மாதம், 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் வேறொரு தீநிரல் புகுந்திருப்பது தெரியவந்தது. பெரும்பாலும் வீட்டு ரூட்டர்களும் சிற்றலுவலக ரூட்டர்களும்தாம். மேலே பாராட்டிய மைக்ரோடிக்கும் விலக்கல்ல. அதன் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2018 ஏப்ரலிலேயே திருத்தம் வெளிவந்துவிட்டது. அதைப் போடாத ஏராளமான ரூட்டர்கள் ஆகஸ்டில், முதலில் பிரேசிலில், பிறர் லாபத்துக்காக மின்னணுக் காசு தோண்டும் வேலைக்குக் கடத்தப்பட்டன.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த மாடலுக்குக் கடைசித் திருத்தம் எப்போது வந்தது?" என்பதே. நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைத் தட்டினால் தேதி தெரியும். இரண்டாண்டாகத் திருத்தம் இல்லையென்றால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது. பட்டறையில் இதற்கென்று ஆள் வைக்க முடியாதல்லவா? வாங்கியதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள்; வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதியை அடைத்துவிடுங்கள்.

மின்சாரம் பெரிய செலவில்லை. பத்து வாட் ரூட்டர் நாள் முழுதும் ஓடினால் கால் யூனிட்டுக்கும் குறைவு. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் மாடலானால், சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றே மின்தடையின்போது அதையும் இழைப் பெட்டியையும் தாங்கும். இடி மின்னலைப் பொறுத்தவரை, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அபாயம் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு வெட்டவெளியில் இழுத்த செம்புக் கம்பியில்தான். இரு கொட்டகைகளுக்கும் நில இணைப்பு வேறுவேறாக இருந்தால், மின்னலின்போது அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்தம் துளையைச் சுட்டுவிடும். அந்த ஒரு தூரத்துக்கு மட்டும் இழை போட்டு, அதைச் செருகும் துளை உள்ள ரூட்டராகப் பார்த்து வாங்குங்கள்.