பாரம் பகிரும் கொளுவி

பாரவண்டி ஓட்டுவோர் கைப்பழக்கத்தால் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வண்டியின் முற்பகுதியில் மூட்டைகள் மிகுந்தால் நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும். பிற்பகுதியில் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக்கயிறு நெரிக்கும். மூட்டைகளின் தொகை ஒன்றே. வைத்த இடமே வேறு. மாடுகளின் இடத்தை மோட்டார் பெற்ற பின்னரும் இவ்விதி மாறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் குடும்பங்கள் விடுமுறைக்கு இழுத்துச் செல்லும் டிரெயிலர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வகை டிரெயிலர் சில்லுகளின் மீதமைந்த ஒரு சிறு வீடு. படுக்கை, அடுக்களை, நீர்த்தொட்டி யாவும் அதனுள் அடங்கும். அந்நாட்டில் இது நெடுங்கால வழக்கம். ஏயர்ஸ்ட்ரீம் டிரெயிலர்களை ஆக்கிய வாலி பையம் என்பார், 1959ஆம் ஆண்டில் கேப் டவுன் நகரிலிருந்து கெய்ரோவை நோக்கி ஒரு டிரெயிலர் வரிசையையே நடத்திச் சென்றார். இத்தகைய வீட்டை இழுக்கும் வண்டியோடு பொருத்துங் கருவியைத் தெரிவு செய்தல் சிறு காரியமன்று. வண்டியின் பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளின் உயிர் அதிலே தங்கியிருக்கிறது.

டிரெயிலரின் முன்முனை இழுக்கும் வண்டியின் பின்புறத்திலுள்ள இணைப்புக் குண்டின் மீது அமர்கிறது. அம்முனை கீழ்நோக்கி அழுத்தும் அழுத்தமே முனைப்பாரம். டிரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குவரை இது இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க வழக்கில் நிலைத்த கணக்கு. எனவே 6,000 இறாத்தல் நிறையுள்ள டிரெயிலருக்கு முனைப்பாரம் 600 முதல் 900 இறாத்தல் வரை ஆகும். இது குறைந்தால், வேகத்தில் டிரெயிலர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். அவ்வாட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் அது புரட்டிவிடும்.

முனைப்பாரம் தேவையானதே. ஆயினும் அது பிறிதொரு தீமையை விளைவிக்கிறது. இழுக்கும் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 12 அடி தூரம் எனவும், பின் அச்சுக்கு 4 அடி பின்னே இணைப்புக் குண்டு உள்ளது எனவும் கொள்வோம். குண்டின் மீது 600 இறாத்தல் அழுத்தும்போது, வண்டி பின் அச்சை ஆதாரமாகக் கொண்ட நெம்புகோலாகிறது. முன் அச்சின் மீதிருந்த பாரத்தில் 200 இறாத்தல் குறைகிறது. பின் அச்சின் மீது 800 இறாத்தல் ஏறுகிறது. வண்டியின் பின்புறம் தாழ, முகப்பு நிமிர்கிறது. திசை திருப்பும் முன்சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலுவை இழக்கின்றன. அவற்றின் தடுப்புக்களும் வலு குன்றுகின்றன. இரவில் முன்விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்களில் பாய்கிறது.

இதற்குப் பரிகாரமாக அமைந்ததே பாரம் பகிரும் கொளுவி. இணைப்புக் குண்டைத் தாங்கும் தலைப்பகுதியிலிருந்து இரண்டு வில்தண்டுகள் டிரெயிலரின் சட்டத்தின் கீழாகப் பின்னோக்கிச் செல்கின்றன. அவற்றின் நுனிகளைச் சங்கிலியாலோ தாங்கிகளாலோ மேலே இழுத்து நிறுத்துவர். ஒற்றைச் சில்லுக் கைவண்டியின் பிடிகளை உயர்த்தினால் பாரம் முன்சில்லின் மீது சாய்வதன்றோ? அதுபோல, வில்தண்டுகளின் விறைப்பு பாரத்தை முன் அச்சுக்குத் தள்ளுகிறது. அதே வேளையில் ஒரு பங்கை டிரெயிலரின் அச்சுக்களின் மீதும் சுமத்துகிறது. மேற்சொன்ன கணக்கில், குண்டிலிருந்து டிரெயிலரின் அச்சு 16 அடி தூரத்தில் இருப்பின், முன் அச்சு இழந்த 200 இறாத்தலை முற்றாக மீட்கும்போது டிரெயிலரின் அச்சு 120 இறாத்தலை ஏற்கும். பின் அச்சில் மிஞ்சுவது 480 இறாத்தலே.

இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று. 480உம் 120உம் சேர்ந்தால் மீண்டும் 600 ஆகிறது. கொளுவி பாரத்தைப் பகிர்கிறதேயன்றிக் குறைப்பதில்லை. வண்டியின் ஆற்றலுக்கு மேற்பட்ட டிரெயிலரை இழுக்கத்தக்கதாக அது ஆக்கமாட்டாது. இதை மறந்தோரே பெருங்கொளுவி ஒன்றை வாங்கிவிட்டு அச்சமின்றிச் செல்ல முற்படுகின்றனர்.

ஆகவே தெரிவின் முதற்படி கடைக்குச் செல்வதன்று, நிறுத்துப் பார்த்தலே. விற்பனை ஏட்டிற் கண்ட நிறை பெரும்பாலும் வெறும் டிரெயிலரின் நிறையாகும். 40 கலன் கொள்ளும் நீர்த்தொட்டி நிறைந்தால், அமெரிக்க அளவில் கலனுக்கு ஏறத்தாழ 8.3 இறாத்தலாக, 330 இறாத்தல் கூடிவிடும். வாயு உருளைகளும் மின்கலங்களும் பெரும்பாலும் முன்முனையிலேயே இருப்பதால் முனைப்பாரத்தை நேரே ஏற்றும். பயணத்துக்குரிய பொருள்கள் அனைத்தையும் ஏற்றிய பின்னர் நெடுஞ்சாலையோர நிறுவைத் தட்டிற் கண்ட நிறையே உண்மையான நிறை. இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு அப்பால் வைத்த பொருள்களின் நிறையையும் முனைப்பாரத்தோடு சேர்த்தே வில்தண்டுகளைத் தேர்தல் வேண்டும். தண்டு மெலிந்தால் பயன் குன்றும். அளவிறந்து தடித்தால் பயணம் கடுமையாகி, டிரெயிலரின் சட்டமும் நோகும்.

இரண்டாவது படி எல்லைகளை அறிதல். வண்டி, அதன் பின்புறச் சட்டகம், கொளுவி, குண்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. அவற்றுள் மிகச் சிறியதே முழுத்தொடரின் எல்லையாகும். சில வண்டிகளில் இக்கொளுவியைப் பொருத்தலாகாதென ஆக்கியோரே விலக்கியுள்ளனர். முன் அச்சின் பாரத்தை முற்றாக மீட்கவேண்டுமா, பாதியளவு மீட்டாற் போதுமா என்பதும் வண்டிக்கு வண்டி வேறுபடும். இவ்விடயத்தில் வண்டியோடு வந்த கைந்நூலே பிரமாணம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பின்சில்லுகள் இலேசாகி, ஈரச்சாலையிற் சறுக்க இடமுண்டு.

மூன்றாவது படி வாலாட்டத்தைத் தடுக்கும் முறை. சிலவற்றில் உராய்வுத் தண்டொன்றைத் தனியே பூட்டுவர். பின்னோக்கிச் செலுத்துமுன் அதனைக் கழற்றுதல் வேண்டும். வேறு சிலவற்றில் வில்தண்டுகள் தாங்கிகளின் மீது உராய்ந்தே ஆட்டத்தை அடக்கும். இவை விலை கூடியவை, எனினும் கையாள எளியவை. நீண்ட டிரெயிலருக்கும் பெருங்காற்று வீசும் சமவெளிப் பயணத்துக்கும் இரண்டாம் வகையே ஏற்றது.

பொருத்திய பின் சோதிக்கும் வழி எளிது. முன்சில்லின் மேலுள்ள வளைவின் உயரத்தை மூன்று முறை அளத்தல் வேண்டும்: டிரெயிலரைப் பூட்டுமுன், வில்தண்டின்றிப் பூட்டியபின், தண்டை இறுக்கியபின். மூன்றாம் அளவு கைந்நூல் கூறும் அளவுக்குத் திரும்பியிருப்பின் வேலை செவ்வையாயிற்று. டிரெயிலரும் முன்பின் சாயாது மட்டமாக நிற்றல் வேண்டும். இறுகிய வில்தண்டு எலும்பை முறிக்கும் விசையுடையது. ஆகையால் முன்முனையை உயர்த்தியால் உயர்த்தி, விறைப்பைத் தளர்த்திய பின்னரே அதிற் கைவைத்தல் தகும்.

இத்தனையும் செய்தபின்னும், பாரத்தை டிரெயிலரின் பின்முனையிற் குவித்தால் வாலாட்டம் வந்தே தீரும். அப்போது சுக்கானை நேராகப் பிடித்து, விசையைத் தளர்த்தி, டிரெயிலரின் தடுப்பை மட்டும் இதமாக இடுதலே முறை. நல்ல கொளுவி முறையாக ஏற்றிய பாரத்துக்குத் துணை. முறைகெட்டு ஏற்றியதற்கு அது காவலாகாது. நிறுத்து ஏற்றுவோனுக்கே அதற்குக் கொடுத்த விலை பயன் தரும்.