இரசிகர் புனைவில் கதைமாந்தரும் கதைத்திட்டமும் மாறுதல்

இரசிகர் புனைவு என்பது வெளிவந்த ஒரு படைப்பின் கதைமாந்தரையும் கதைக்களத்தையும் எடுத்துக்கொண்டு அதன் இரசிகர்கள் எழுதும் கதை ஆகும். இவற்றுள் பல இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியாவதால், இறுதிப் பகுதி எழுதப்படும் முன்பே முதற்பகுதி வாசகரைச் சென்றடைகிறது. ஆகவே தொடக்கத்தில் வகுத்த திட்டம் எழுத எழுத மாறுவது இயல்பு.

மூலக்கதை வளர்தல்

மூலக்கதை முடிவடையாதபோது இம்மாற்றம் கட்டாயமாகவும் வரலாம். ஜே. கே. ரௌலிங்கின் ஆரி பாட்டர் வரிசையில் நான்காம் நூல் 2000 சூலையிலும் ஐந்தாம் நூல் 2003 சூனிலும் வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில் இரசிகர்கள் பலர் ஆரியின் ஐந்தாம் ஆண்டைத் தாமே எழுதினர். ஐந்தாம் நூலில் சிரியஸ் பிளாக் இறந்ததும், அவர் உயிருடன் இருந்த கதைகள் மூலத்துடன் முரண்பட்டன. இந்நிலையில் எழுதுபவர் கதையைத் திருத்தலாம். அல்லது 'மாற்று உலகக் கதை' எனக் குறித்துத் தொடரலாம்.

கதைமாந்தர் மாறுதல்

முதல் நூலில் பெயராக மட்டும் வரும் பிளேஸ் சபினியை இரசிகர்கள் ஆணாகவும் பெண்ணாகவும் எழுதினர். 2005இல் வந்த ஆறாம் நூல் அவனைக் கறுப்பின மாணவனாகக் காட்டியது. நிகழ்ச்சிகள் மாறுவதை வாசகர் எளிதில் ஏற்பர். நன்கறிந்த ஒருவரின் குணம் காரணமின்றி மாறினால் 'இது அவரில்லை' என்பர்.

விலகல் மிகுந்தால் கதை தனிப் படைப்பாகவும் ஆகலாம். இ. எல். ஜேம்ஸ் டுவிலைட் நாவலை ஒட்டி எழுதிய தொடரில் இரத்தக்காட்டேரியான எட்வர்டு மனிதத் தொழிலதிபரானார். பின்னர் பெயர்களும் மாற்றப்பட்டு, 2011இல் அது 'ஃபிஃப்டி சேட்ஸ் ஆஃப் கிரே' நாவலாக வெளிவந்தது.