மூன்று தேர்தல், இரண்டு எல்லை

தர்மபுரி வழியாக ஒகேனக்கல் போயிருக்கிறீர்களா? அப்படியானால் பென்னாகரத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அந்தத் தொகுதியில் நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

2009 மே மாதம் பார்லிமெண்ட் தேர்தல். புதிய எல்லைப்படி ஓட்டுப் போட்டார்கள். 2010 மார்ச் 27-ல் சட்டசபை இடைத் தேர்தல், பழைய எல்லை! 2011 ஏப்ரலில் பொதுத் தேர்தல். மறுபடியும் புதிய எல்லை. ஓரத்துக் கிராமம் ஒன்று இரண்டு கோட்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டால், அங்கேயிருக்கும் பாட்டியம்மாள் வீட்டை விட்டு நகராமலே தொகுதி மாறி மாறி வருவாள்.

இது யாரும் செய்த குளறுபடி அல்ல. தொகுதி வரையறைச் சட்டமே அப்படி. 2008-ல் வந்த உத்தரவு, அப்போதிருந்த சட்டசபை கலையும் வரை அதைத் தொடாது. நடுவில் ஓர் இடம் காலியானால் பழைய கோடுதான். பல்லாங்குழி பாதி ஆட்டத்தில் இருக்கும்போது குழியை மாற்றலாமோ?

கோடு போட்டது, சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த குல்தீப் சிங் தலைமையில் அமைந்த கமிஷன். ராஜ்யத்துக்கு ஐந்து பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் ஐந்து சட்டசபை அங்கத்தினர்களும் கூட உட்காரலாம், பேசலாம். ஆனால் முடிவில் ஓட்டுப் போடவோ கையெழுத்திடவோ முடியாது. பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் கவர்னர் ஜெர்ரி 1812-ல் கையெழுத்திட்ட சட்டத்தில் ஒரு தொகுதி பல்லிபோல் நெளிந்ததாம். இந்தத் தில்லுமுல்லுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது, பாவம்!

கணக்கு என்னவோ சுலபந்தான். 2001-ல் தமிழ்நாட்டு ஜனத்தொகை 6 கோடியே 24 லட்சம். சட்டசபை இடங்கள் 234. வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். ஆனால் ஜனங்கள் சதுரங்கக் கட்டத்திலா குடியிருக்கிறார்கள்? பென்னாகரத்துக்கு மேற்கே காவேரி. காடு, மலை வேறு. ஆறு, மலை, நிர்வாக எல்லை, போக்குவரத்து, ஜனங்களின் வசதி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது சட்டம். அதனால் பத்து சதவிகிதம் வரை கூடக் குறைய இருக்கலாமென்று கமிஷன் வைத்துக்கொண்டது. தர்மபுரி ஜில்லாவில் மொரப்பூர் தொகுதி மறைந்து பாப்பிரெட்டிப்பட்டி பிறந்தது. ஒரு பார்லிமெண்ட் தொகுதிக்கு ஆறு சட்டசபைத் தொகுதி வேண்டும். ஜில்லாவில் இருப்பதோ ஐந்து. சேலம் ஜில்லாவின் மேட்டூரைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்தார்கள்.

ஜில்லாவுக்குள் கோடு போடுவது இப்படி. ராஜ்யங்களுக்குள் பங்கு போடுவதில்தான் மனத்தாங்கல். 1967-ல் நமது பார்லிமெண்ட் இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. பிறகு 1976-ல், குடும்பக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்ட ராஜ்யம் அதற்காக நஷ்டப்படக் கூடாதென்று, 1971 ஜனத்தொகைப்படியே இடங்களை நிறுத்தி வைத்தார்கள். இரண்டோடு போதுமென்று நிறுத்திய தாய்மார்களின் முடிவல்லவா இதில் எடை போடப்படுகிறது! 2001-ல் செய்த திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வரை அந்தத் தடையை நீட்டியது.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்ததே, ஞாபகமிருக்கிறதா? புதிதாக ஜனத்தொகை எண்ணி, தொகுதிகளுக்குக் கோடு போட்ட பிறகே அது அமலுக்கு வருமென்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.