வீட்டு இறாக்கையில் ஒரு கதைக் கொலு



யேர்மனியிலே வாழும் எம்மவர் வீடுகளிற் பெரும்பாலானவற்றின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி உண்டு. பிள்ளைகள் பெற்ற வெற்றிக் கிண்ணங்கள், திருமணப் படங்கள், பீங்கான் அன்னங்கள், பழைய பொருட் சந்தையில் ஒரு யூரோவுக்கு வாங்கிய குள்ளர் பொம்மைகள் எனப் பலவும் அதனுள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவை அழகியவையே. எனினும் அவற்றைப் பார்த்து எவரும் ஒரு வினாவேனும் எழுப்புவதில்லை. அவ்விறாக்கைகளுள் ஒன்றை மட்டும் வெறுமையாக்கி, அங்கே ஒரு கதையை நிறுத்துவது எவ்வாறு என்பதையும், அதனால் எமது பிள்ளைகளின் தமிழுக்கு விளையும் பயனையும் இங்கு விளக்க விழைகின்றோம்.

இஃது எமக்குப் புதிய கலையன்று. தாயகத்திலே நாம் கற்பித்த பாடசாலையில் நவராத்திரி நாள்களில் வாங்குகளைப் படிகளாக அடுக்கி, வெள்ளை வேட்டி விரித்துக் கொலு வைப்போம். ஒரு பொம்மையின் கதையைச் சொல்லத் தெரிந்த மாணவனே அதனைப் படியில் வைக்கலாம் என்பது எமது வகுப்பின் விதி. இடம்பெயர்ந்தபோது அப்பொம்மைகளுள் ஒன்றையேனும் எம்மால் எடுத்துவர இயலவில்லை. அந்த விதி மட்டும் எம்முடன் வந்தது.

கதையைத் தெரிதல்

ஓர் இறாக்கைக்கு ஒரு கதையே போதும். சிவப்புத் தொப்பிச் சிறுமியையும் ஏழு குள்ளரையும் தவளை அரசனையும் ஒருங்கே நிறுத்தினால் அது கடைத்தட்டாகுமேயன்றிக் கதையாகாது. பிள்ளை இங்குள்ள பாடசாலையில் முன்னரே கேட்ட கதையைத் தெரிவது நன்று. கிறிம் சகோதரர் 1812ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் தொகுதியில் 86 கதைகள் இருந்தன. 1857இல் வந்த ஏழாம் பதிப்பில் அவை 200 ஆகப் பெருகின. அவற்றுள் நாம் பரிந்துரைப்பது, 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற 'பிரேமன் நகர இசைவாணர்' என்னும் கதையாகும்.

முதுமையுற்ற கழுதை, நாய், பூனை ஆகியனவும், குழம்பாகவிருந்த ஒரு சேவலும் உயிரைக் காத்துக்கொள்ளத் தத்தம் வீடுகளை விட்டு வெளியேறுகின்றன. பிரேமனுக்குச் சென்று இசைவாணராவோம் என்று நடக்கின்றன. இரவிலே காட்டில் தங்குகையில், மரத்தின் உச்சியில் இருந்த சேவலுக்குத் தொலைவில் ஓர் ஒளி தெரிகிறது. அது கள்வர் வீடு. கழுதை சாளரத்தில் முன்னங்கால்களை ஊன்ற, அதன் முதுகில் நாயும், நாயின்மேற் பூனையும், பூனையின் தலைமேற் சேவலும் ஏறி ஒருங்கே குரலெழுப்புகின்றன. கள்வர் அஞ்சி ஓடுகின்றனர். அந்நான்கும் அவ்வீட்டிலேயே தங்கிவிடுகின்றன.

பிரேமன் நகர மண்டபத்தின் அருகே, கேர்காட் மார்க்ஸ் என்னும் சிற்பி ஆக்கிய வெண்கலச் சிலை 1953ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. காண்போர் கழுதையின் முன்னங்கால்களைப் பற்றி வேண்டுதல் செய்வதால் அக்கால்கள் மட்டும் பொன்போல் மினுங்குகின்றன.

அமைக்கும் முறை

கடைகளில் நான்கும் ஒன்றன்மேலொன்றாக ஒட்டிய உருவமே பெரிதும் கிடைக்கும். அது கதையின் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். ஆதலால் நான்கு தனி விலங்குகளை வாங்குங்கள். சக்சனி மாநிலத்துச் சைபன் என்னும் ஊரிலே மரத்தை வளையமாகக் கடைந்து, பின்னர் கேக் வெட்டுவதுபோற் பிளந்து விலங்குகளைச் செய்வர். வளையத்தின் குறுக்குவெட்டே விலங்கின் வடிவமாகும். அத்தகையவை கிடைத்தால் நன்று. பிளாஸ்ரிக் விலங்குகளும் போதும். ஆனால், சேவல் கழுதையிலும் பெரிதாக இருத்தல் ஆகாது.

முதல் வாரம் பாதையை அமைப்போம். விலங்குகளை இடமிருந்து வலமாக, இடைவெளி விட்டு நிறுத்துக. அந்த வெற்றிடமே நெடுவழியை உணர்த்தும். இரண்டாம் வாரம் காடு. உலர்ந்த கிளையொன்றை மணல் நிரப்பிய கிண்ணத்தில் நட்டு, கழுதையையும் நாயையும் அடியிலும், பூனையைக் கிளையிலும், சேவலை உச்சியிலும் வைக்குக. மூன்றாம் வாரம் வீடு. சப்பாத்துப் பெட்டியில் சாளரம் வெட்டி, மஞ்சட் கடதாசி ஒட்டி, உள்ளே மின்கலத்தால் எரியும் சிறு விளக்கை வைத்தால் இரவிலே வீடு ஒளிரும். மெழுகுதிரி வேண்டாம். அடுக்கிய விலங்குகள் சரியாதிருக்கச் சிறிது ஒட்டுக்களி உதவும்.

பின்புறம் கருநீலக் கடதாசி ஒட்டினால் உருவங்கள் துலங்கும். இறாக்கை பிள்ளையின் கண்மட்டத்தில் இருத்தல் வேண்டும். அலுமாரியைச் சுவரோடு திருகாணியால் இறுக்குதல் இன்றியமையாதது. நேர்வெயில் வண்ணத்தை மங்கச் செய்யும். வெப்பமூட்டியின் அருகே மரம் வெடிக்கும்.

கதை பேசுதல்

சென்ற ஆண்டு எமது மாணவி ஒருத்தி இவ்வாறு அமைத்தாள். அவளுடைய அம்மம்மாவுக்கு யேர்மன் மொழி தெரியாது. முதல் வாரம், "இந்தக் கழுதை எங்கை பிள்ளை போகுது?" என்று அவர் கேட்டார். பிள்ளைக்குக் கதை தெரியும். கழுதை என்ற சொல்லே அன்றுதான் தெரிந்தது. கள்வர், சாளரம், கூரை என ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு, மூன்றாம் வாரம் முழுக்கதையையும் தமிழிலே சொல்லி முடித்தாள். கேட்டிருந்த அம்மம்மா, "அப்ப அதுகள் பிரேமனுக்குப் போகவே இல்லையோ?" என்றார்.

அவ்வினாவை மாணவி எமது வகுப்புக்குக் கொணர்ந்தாள். "ஏன் சேர் போகேல்லை?" எமக்கு உடனே விடை வரவில்லை. ஓர் ஊரை எண்ணிப் புறப்பட்டு, வேறோர் ஊரின் ஒளியைக் கண்டு தங்கியவர்கள் நாம். அப்போது பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன், "நாலு பேரும் ஒண்டா இருந்தவை தானே, சேர்" என்றான். அதனிலும் நல்ல விடை எமக்கு இன்றுவரை கிட்டவில்லை.

இப்போது அம்மாணவி வீட்டுக் கீழ்த்தட்டில் வடை சுட்ட ஆச்சியும் காகமும் நரியும் இருக்கின்றன. அவை இங்குள்ள கடைகளிற் கிடைப்பது அரிது. ஆதலால், காற்றில் உலரும் களியினால் அம்மம்மாவும் பேர்த்தியும் கூடிச் செய்தனர். ஆச்சியின் மூக்கு சற்றே பெரிது. அதனைப் பற்றியும் ஒரு கதை உண்டாம்.

பெற்றோரே, இவ்வாரமே ஓர் இறாக்கையை வெறுமையாக்குங்கள். மாணவர்களே, அடுத்த ஆண்டு விழாவுக்கு உங்கள் கதைக் கொலுவின் படத்தைக் கொண்டுவாருங்கள். எமது பழைய விதி இங்கும் உண்டு: கதையைத் தமிழிற் சொல்பவரே படத்தைச் சுவரில் ஒட்டலாம்.