ஸ்மார்ட் கட்டடம்: கரண்ட் போனால் என்ன செய்வது?

2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்த நாட்களில் ஒருமுறை கொழும்பில் ஒரு புதிய அலுவலகக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தேன். நாலா பக்கமும் கண்ணாடி. திறப்பதற்கு ஒரு ஜன்னலும் இல்லை. டீசல் தட்டுப்பாட்டால் ஜெனரேட்டர் லிப்ட்டுக்கும் விளக்குக்கும் மட்டுமே ஓடியது.

"சேர், இது ஸ்மார்ட் பில்டிங். கரண்ட் இல்லாட்டி ஒன்டும் செய்யேலா" என்றார் பராமரிப்பாளர்.

ஸ்மார்ட் கட்டடத்தின் அடிப்படை எளிமையானது. வெப்பம், ஈரப்பதன், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு, ஆள் நடமாட்டம் ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன. அந்த அளவுகளைப் பார்த்து ஒரு கணினி ஏசியையும் விளக்கையும் கூட்டும், குறைக்கும், அணைக்கும். ஆளில்லாத அறையில் ஏசி ஓடாது. வருடம் முழுக்க வெக்கையான கொழும்பில் இது சின்னச் சேமிப்பல்ல.

பிழை கருவியில் இல்லை, வாங்கும் விதத்தில்தான். அந்தக் கட்டடத்தில் சில உணரிகள் பழுதாகி மாதக்கணக்காகியிருந்தன. மென்பொருள் ஒரே கம்பனிக்குரியது என்பதால் வேறு உணரி பொருந்தாது. கடவுச்சொல்லும் அவர்களிடமே. டொலர் தட்டுப்பாட்டில் உதிரிப்பாகமும் வரவில்லை. கடைசியில் காலையில் போட்டு மாலையில் நிறுத்தும் பழைய சுவிட்ச் வேலைதான் நடந்தது.

இதைத் தவிர்க்கலாம். 1995இல் வெளியான பெக்நெட் போன்ற திறந்த தொடர்பாடல் தரத்தை ஒப்பந்தத்திலேயே கேட்டால், வெவ்வேறு கம்பனிகளின் கருவிகளை ஒன்றாக இயக்கலாம். கடவுச்சொல், வரைபடம், ஊழியருக்கான பயிற்சி மூன்றும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.

அதற்கும் முந்திய வேலை ஒன்றுண்டு. எங்கட உம்மம்மா வீட்டில் உயர்ந்த கூரை, நடுமுற்றம், நீண்ட விறாந்தை இருந்தன. பகலில் விளக்குத் தேவையில்லை, காத்தும் வரும். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் ஜெப்ரி பாவா தனக்காக அமைத்த வீட்டுக்கும் முற்றங்கள்தான் வெளிச்சம் தருகின்றன. வெயிலைக் கண்ணாடியால் உள்ளே எடுத்துவிட்டு, அதை விரட்டக் கணினி வாங்குவது வீண் செலவு. நிழலும் காற்றோட்டமும் முதலில், மிச்சத்துக்கு உணரி.

இப்போது நம்மூர்களிலும் பாடசாலைகள், கல்யாண மண்டபங்கள் மாடி மாடியாக எழுகின்றன. வரைபடத்தில் கையொப்பமிடும் நிர்வாகிகள் பொறியியலாளரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "கரண்ட் போனா, உள்ளுக்கு இருக்கேலுமா?"